பழைய மொபெட்டும் டீசல் புல்லட்டும்: முதலில் புக், அப்புறம்தான் ஸ்பேனர்

பழைய டிவிஎஸ் 50, லூனா, சுவேகா, ஹீரோ மெஜஸ்டிக் என்று ஏதாவது ஒன்றை வாங்கிச் சரிசெய்து ஓட்ட வேண்டும் என்று நினைக்கிறீர்களா? அல்லது டீசல் புல்லட் மேல் ஒரு கண்ணா? இன்னும் ஒரு படி மேலே போய், பழைய பிரேமில் டீசல் இஞ்சினைப் பொருத்திப் பார்க்கும் யோசனையா? மூன்றுக்கும் இங்கே வழி சொல்கிறேன். மாமனார் விட்டுப்போன டிவிஎஸ் 50-ஐ ரோட்டுக்குக் கொண்டுவர அலைந்தபோது தெரிந்துகொண்டது, வண்டி வேலை கொஞ்சம்தான், மீதி முழுக்கப் படிவமும் கையெழுத்தும் கவுண்டரும்தான் என்பது. அதனால் காகித வேலையை முதலில் வைத்திருக்கிறேன். கையில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருப்பவர்கள் ஆறாவது பகுதிக்குத் தாவலாம், ஆனால் இரண்டாவது பகுதியை மட்டும் படித்துவிட்டுத் தாவுங்கள்.

நடைமுறை எல்லாம் தமிழ்நாட்டுப் பதிவு வண்டிகளுக்கானது. வேறு மாநில வண்டி என்றால் கூடுதலாக என்ன வேண்டும் என்பதை ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

1. எந்த வண்டி என்பதை உதிரிபாகம் முடிவு செய்யட்டும்

முதல் வண்டி என்றால் டிவிஎஸ் 50 அல்லது அதற்குப் பின் வந்த எக்ஸ்எல் வகை. காரணம் எளிது. ஓசூரில் 1980-இல் தொடங்கிய அந்தக் குடும்பம் இன்னும் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்எல்லுக்கான 16 அங்குல டயரும் டியூபும் எந்த ஊர் டயர் கடையிலும் கிடைக்கும். பிஸ்டன், ரிங், கிளட்ச் ஷூ, கேபிள் எல்லாம் தாலுகா அளவு ஊரிலேயே கிடைக்கும். முக்கியமாக, இந்த இஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்த மெக்கானிக் ஒருவராவது உங்கள் ஊரில் இருப்பார்.

லூனா அடுத்தபடி. சுவேகா அழகான வண்டி, ஆனால் திருப்பதியில் அதைத் தயாரித்த கம்பெனி எப்போதோ மூடப்பட்டுவிட்டது. மேக்னட் பிளேட்டோ சிலிண்டரோ போனால் காயலான் கடைகள்தான் கதி. சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம் பக்கம் தேடினால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். சுவேகா வாங்குவதென்றால் இரண்டாக வாங்குங்கள்: ஒன்று ஓட்ட, ஒன்று பிரிக்க.

என்ஃபீல்டு மோஃபா என்று குட்டி வண்டி ஒன்று எண்பதுகளில் வந்தது. அது 22 சிசி. மோட்டார் வாகனச் சட்டத்தின் விளக்கப்படி, நான்குக்குக் குறைவான சக்கரமும் 25 சிசிக்கு மிகாத இஞ்சினும் உள்ளது மோட்டார் வாகனம் ஆகாது. அதனால் மோஃபாவுக்கு ஆர்.சி. புக் இல்லையே என்று யாரும் பயப்பட வேண்டாம். இதே கதையை 50 சிசி வண்டிக்கும் சொல்லி, 'இதுக்கெல்லாம் புக் தேவையில்ல தம்பி' என்று தள்ளிவிடப் பார்க்கும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். 50 சிசிக்குப் புக் வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும், லைசென்ஸும் வேண்டும்.

2. காசு கொடுப்பதற்கு முன் சேசிஸ் நம்பர்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது ஒரு கம்பி பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்த துணி, ஒரு மெல்லிய வெள்ளைத் தாள், ஒரு பென்சில் கொண்டு போங்கள். சேசிஸ் நம்பர் குத்தியிருக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். பெரும்பாலும் ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துக் குழாயிலோ அதை ஒட்டிய பிரேமிலோ இருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டு, தாளை அதன்மேல் இறுக்கிப் பிடித்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். எண்கள் வெள்ளையாக எழும்பி வரும். பென்சில் பிரிண்ட் என்பார்கள். நாளைக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் மோட்டார் வாகன ஆய்வாளர், நம் ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர், கேட்கப் போவதும் இதைத்தான். இஞ்சின் நம்பருக்கும் ஒன்று எடுங்கள்.

இப்போது ஆர்.சி. புக்கோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். பழைய கையெழுத்துப் புக்கில் 1-உம் 7-உம், 0-உம் 6-உம் குழம்பும். ஒரு எழுத்து மாறினாலும் பின்னால் கணினிப் பதிவு செய்யும்போது சிக்கும். இஞ்சின் நம்பர் பொருந்தவில்லை என்றால், எப்போதோ யாரோ இஞ்சினை மாற்றியிருக்கிறார்கள், அதைப் புக்கில் ஏற்றவில்லை என்று பொருள். விலை பாதியானாலும் அந்த வண்டி வேண்டாம். சேசிஸ் நம்பர் தேய்ந்து, துருவேறி, அல்லது மேலே வெல்டிங் பட்டுப் படிக்க முடியாமல் இருந்தால் அங்கேயே வணக்கம் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வாங்கிய பிறகும் இதே நம்பரில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆசையாக வண்டியைப் பிரித்து, பிரேமைச் சாண்ட் பிளாஸ்டிங்குக்கும் பவுடர் கோட்டிங்குக்கும் அனுப்புவார்கள். மணல் அடித்தால் எண்ணின் ஓரம் மழுங்கும், மேலே கோட்டிங் ஏறினால் குழி நிரம்பிவிடும். அப்புறம் பென்சில் பிரிண்ட் எடுத்தால் தாளில் வெறும் சாம்பல் தீற்றல்தான் வரும். பட்டறைக்கு அனுப்பும் முன் அந்த இடத்தில் நல்ல டேப்பை இரண்டு மூன்று சுற்று ஒட்டி, 'இங்கே அடிக்காதே' என்று மார்க்கரில் எழுதி, சொல்லியும் அனுப்புங்கள். அந்த இடத்தை மட்டும் கையால் தேய்த்து, மெல்லிய பெயின்ட் ஒரு கோட் அடித்தால் போதும். காகித வேலை முடியும்வரை வண்டியின் நிறத்தையும் மாற்றாதீர்கள். புக்கில் நீலம் என்றிருந்து வண்டி சிவப்பாகப் போய் நின்றால் அதற்கு ஒரு தனி விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

3. புக் உயிரோடு இருக்கிறதா

பரிவாகன் என்ற அரசு வாகனப் பதிவு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். 1989-க்கு முந்தைய வண்டிகளின் எண் மூன்று எழுத்தில் தொடங்கும். அவற்றில் பல இன்னும் கணினியில் ஏறவே இல்லை. 'பதிவு இல்லை' என்று வந்தால் வண்டி திருட்டு வண்டி என்றோ ரத்தானது என்றோ உடனே நினைக்க வேண்டாம். வண்டியைப் பதிவு செய்த அலுவலகத்துக்குப் புக்கோடு போய், பழைய பதிவேட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். பேக்லாக் என்ட்ரி என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும். இந்த ஒரு படிதான் அதிக நேரம் தின்னும். பதிவேடு கிடைத்தால் சில வாரம். கிடைக்காவிட்டால் எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. மாவட்டங்கள் பிரிந்தபோது பதிவேடுகளும் இடம் மாறியிருக்கும். எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதை முதலில் விசாரித்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

பதிவு ரத்தாகியிருந்தால், அதாவது பழைய உரிமையாளர் எப்போதோ ஒப்படைத்து ரத்து செய்திருந்தால், அந்த வண்டியை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ரோட்டில் ஓட்ட முடியாது.

அடுத்து, பழைய கடன். எண்பதுகளில் தவணைக்கு வாங்கிய வண்டிகளின் புக்கில் பைனான்ஸ் கம்பெனி பெயர் ஏறியிருக்கும். கடன் முடிந்து முப்பது வருடம் ஆகியிருக்கலாம், ஆனால் பெயரை நீக்கியிருக்க மாட்டார்கள். அதற்குப் படிவம் 35-இல் அந்தக் கம்பெனி கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனியே இல்லை என்றால்? அதனால்தான் வாங்கும் முன்பே புக்கின் எல்லாப் பக்கத்தையும் புரட்டச் சொல்கிறேன்.

வேறு மாநில எண் என்றால் அந்த அலுவலகத்தின் ஆட்சேபமில்லாச் சான்று வேண்டும், படிவம் 28. அதை விற்பவர் வாங்கித் தரட்டும். 'நீங்க வாங்கிட்டுப் போங்க, சான்று அப்புறமா அனுப்பறேன்' என்பதை ஏற்காதீர்கள். குறிப்பாக டெல்லிப் பதிவு டீசல் புல்லட். அங்கே பத்து வருடத்தைக் கடந்த டீசல் வண்டிகள் ஓடத் தடை உண்டு. பதிவு நீக்கப்பட்ட வண்டிதான் மலிவாக நம் பக்கம் லாரி ஏறி வருகிறது.

4. விற்பவரிடம் வாங்க வேண்டிய கையெழுத்துகள்

உரிமையாளர் நேரில் இருக்கிறார் என்றால்:

படிவம் 29 (விற்றதற்கான அறிவிப்பு) இரண்டு பிரதி. படிவம் 30 (பெயர் மாற்ற விண்ணப்பம்). புக் காலாவதியாகியிருந்தால் படிவம் 25 (புதுப்பித்தல்). புக் தொலைந்திருந்தால் படிவம் 26 (நகல் புக்). எல்லாவற்றிலும் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள். எது தேவைப்படும் என்று தெரியாவிட்டாலும் வாங்கி வையுங்கள். புக்கில் இருக்கும் கையெழுத்தும் இப்போது போடுவதும் ஒத்துப்போகிறதா பாருங்கள். முப்பது வருடத்தில் கையெழுத்து மாறியிருக்கும், பழையபடி போடச் சொல்லுங்கள். அவருடைய ஆதார் நகல், ஒரு போட்டோ, நடப்பில் உள்ள போன் நம்பர் மூன்றும் வேண்டும். ஆன்லைனில் எந்த வேலைக்கும் ஓ.டி.பி. உரிமையாளர் எண்ணுக்குத்தான் போகும். பழைய வண்டிப் பதிவில் போன் எண்ணே இருக்காது, அதை முதலில் சேர்க்க வேண்டும்.

புக் தொலைந்தது என்றால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கு ஆன்லைனிலேயே புகார் பதிந்து அறிக்கை எடுத்துக்கொள்ளலாம். உரிமையாளர் பெயரில் எடுக்க வேண்டும், உங்கள் பெயரில் எடுத்தால் செல்லாது.

சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும்.

உரிமையாளர் இறந்துவிட்டார் என்றால் (பழைய மொபெட்டில் பாதி இந்தக் கணக்குதான்) வழி வேறு. படிவம் 31. அதனோடு இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகள் எல்லோரும் 'இன்னார் பெயருக்கு மாற்ற ஆட்சேபம் இல்லை' என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம். வாரிசுச் சான்று ஏற்கெனவே பென்ஷனுக்கோ பட்டாவுக்கோ வாங்கியிருப்பார்கள். வீட்டுப் பீரோவில் தேடச் சொல்லுங்கள். இல்லையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் சில பத்து ரூபாய்தான், வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று விசாரணை சுற்றிவர ஒரு மாதம் ஆனாலும் ஆச்சரியப்படாதீர்கள். வெளிநாட்டில் ஒரு வாரிசு, பேச்சுவார்த்தை இல்லாத இன்னொரு வாரிசு என்றால் அந்தக் குடும்பத்து வண்டியை விட்டுவிடுங்கள். எட்டாயிரம் ரூபாய் மொபெட்டுக்காக உங்களால் ஒரு பாகப்பிரிவினையைத் தீர்த்துவைக்க முடியாது. முதலில் வாரிசு பெயருக்கு மாறி, அதன் பிறகே உங்கள் பெயருக்கு மாறும் என்பதையும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. இன்சூரன்ஸ், புகை, புதுப்பித்தல்: எது முன், எது பின்

பெரும்பாலானவர்கள் சுற்றுவது இங்கேதான். புதுப்பிக்க இன்சூரன்ஸ் கேட்பார்கள். இன்சூரன்ஸ் போடப் போனால் நடப்பில் உள்ள புக் கேட்பார்கள். புகைச் சான்றுக்கு வண்டி ஓட வேண்டும், வண்டி எண் கணினியில் இருக்கவும் வேண்டும். எனக்குப் பலித்த வரிசை இது:

முதலில் கணினிப் பதிவு. அடுத்து வண்டியை ஓடும் நிலைக்குக் கொண்டுவருவது. பெயின்ட் அப்புறம் அடிக்கலாம், ஆனால் ஹெட்லைட், பிரேக் லைட், ஹார்ன், இரண்டு பிரேக்கும் வேலை செய்ய வேண்டும். மூன்றாவது இன்சூரன்ஸ். போன் செயலிகளில் பழைய எண்ணைப் போட்டால் பெரும்பாலும் ஏற்காது. பொதுத்துறை இன்சூரன்ஸ் நிறுவனக் கிளைக்கு நேரில் போய், புதுப்பித்தலுக்காகத்தான் கேட்கிறேன் என்று சொல்லி, மூன்றாம் நபர் பாலிசி மட்டும் கேளுங்கள். 75 சிசி வரை வருடத்துக்கு 538 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. டீசல் புல்லட் 150 சிசிக்கும் 350 சிசிக்கும் இடைப்பட்டது, அதற்கு 1,366 ரூபாய். நான்காவது புகைச் சான்று. டூ-ஸ்ட்ரோக் வண்டியை நன்றாகச் சூடேற்றி, புது பிளக் போட்டு, ஆயில் அளவைச் சரியாகக் கலந்து கொண்டு போங்கள். கடைசியாகப் புதுப்பித்தல்.

புதுப்பித்தல் கட்டணம்: 15 வருடம் கடந்த இருசக்கர வாகனத்துக்கு 1,000 ரூபாய். 20 வருடம் கடந்ததற்கு 2025 ஆகஸ்டிலிருந்து 2,000 ரூபாய். நமக்குப் பொருந்துவது இரண்டாவதுதான். இதற்கு மேல் பசுமை வரி உண்டு. விதிப்படி, புதுப்பிக்காமல் விட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாய் தாமதக் கட்டணமும் உண்டு. பத்து வருடம் தூங்கிய வண்டிக்கு இது 36,000 ரூபாய் வரை போகும், வண்டி விலையே அவ்வளவு இருக்காது. ஆகவே விலை பேசும் முன்பே ஆன்லைனில் புதுப்பித்தல் பக்கம்வரை போய், எவ்வளவு தொகை காட்டுகிறது என்று பார்த்துவிடுங்கள். ஒருமுறை புதுப்பித்தால் ஐந்து வருடம் செல்லும். அடுத்தமுறை தேதியைத் தவறவிடாதீர்கள், முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

ஆய்வுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். புக் நடப்பில் இல்லாத வண்டி ரோட்டில் பிடிபட்டால் பேச இடமிருக்காது. ஒரு குட்டி யானையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போங்கள். காலையில் சீக்கிரம் போனால் நல்லது. வெளியே நிற்கும் ஏஜென்ட் 'மொபெட்டுக்கெல்லாம் இப்ப புதுப்பிக்கறது இல்ல, நான் வேற வழி பாக்கறேன்' என்பார். கவுண்டரில் நேராகக் கேட்டுவிட்டு அப்புறம் அவரிடம் திரும்பலாம், தேவைப்பட்டால்.

விண்டேஜ் பதிவு என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2021 ஜூலையில் வந்த விதி. முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்து, அசல் வடிவம் மாறாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண் தருவார்கள். கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 வருடம். ஆனால் அந்த எண்ணில் தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, சர்வீஸ் செய்ய என்று மட்டும்தான். டிவிஎஸ் 50-க்கு 2030-க்கு முன் அந்தத் தகுதியே வராது. ஆரம்ப கால லூனா, சுவேகா வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம். என் கருத்து: புக் நடப்பில் இருக்கும் மொபெட்டை அந்தப் பக்கம் கொண்டு போகாதீர்கள், காய்கறி வாங்கக்கூட எடுக்க முடியாமல் போகும்.

6. மொபெட்டை எழுப்புவது

வருடக்கணக்கில் நின்ற வண்டியை வாங்கியவுடன் மிதித்து ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாக இரண்டு ஸ்பூன் டூ-டி ஆயிலை விட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாள் பிளக் இல்லாமலேயே மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுலபமாகச் சுற்றினால் சரி. இறுகி நின்றால் பலம் காட்ட வேண்டாம். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் ரிங் துருவேறி சிலிண்டரில் ஒட்டியிருக்கும்.

அடுத்து கரண்ட். பிளக்கை கேப்பில் மாட்டி ஹெட்டில் தொடவைத்துச் சுற்றினால் நீலப் பொறி வர வேண்டும். வரவில்லை என்றால் காயில் வாங்க ஓடாதீர்கள். பழைய மொபெட்டில் மேக்னட்டுக்கு உள்ளே பாயிண்ட் (கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் குட்டி சுவிட்ச்) இருக்கும், நின்ற வண்டியில் அதன் முகத்தில் வெள்ளைப் பூஞ்சை மாதிரி ஒரு படலம் ஏறியிருக்கும். உப்புத்தாளை மடித்து நடுவில் விட்டு நாலு இழு இழுத்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தாலே பாதி வண்டிகளில் கரண்ட் வந்துவிடும். பாயிண்ட் முழுதாகத் திறக்கும் இடத்தில் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். அப்படியும் பொறி மஞ்சளாக, சோம்பலாக வந்தால் கண்டன்சரை மாற்றுங்கள். அதைப் பரிசோதிப்பதைவிட மாற்றுவதே மலிவு.

டேங்க்தான் அடுத்த தலைவலி. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் செங்கல் தூள் மாதிரி துரு தெரியும். ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளையும் தண்ணீரையும் போட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். அப்புறம் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டு, சோடா உப்பு கலந்த தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, காய்ந்த உடனே ஆயில் கலந்த பெட்ரோலைச் சுழற்றி விடுங்கள். நடுவில் ஒரு இரவு விட்டாலும் மறுபடி துரு பூக்கும். ஓட்டை இருந்தால் வெல்டிங் கடைக்குக் கொண்டு போகும் முன் பலமுறை சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். காலி டேங்கில் தங்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கும். அனுபவமுள்ள பட்டறைக்காரர் தண்ணீர் நிரப்பிவைத்துத்தான் ஒட்டுவார். அப்படிச் செய்யாதவரிடம் கொடுக்காதீர்கள்.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைத் தின்னும். டேங்கிலிருந்து வரும் பைப், குழாய் வாஷர், கார்பரேட்டர் ரப்பர் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப் போகிறது என்றால், பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்பரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். இந்தப் பழக்கம் ஒன்றே ஜெட் அடைப்பில் பாதியைத் தவிர்க்கும்.

வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் இழுக்கவில்லை, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது என்றால் எல்லோரும் சொல்வது 'ரீபோர் பண்ணிடுங்க', அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குங்கள் என்று. அதற்கு முன் சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள். டூ-ஸ்ட்ரோக்கில் எரியாத ஆயில் கரியாகச் சேர்ந்து வாய் சுருங்கியிருக்கும். சிலிண்டரின் புகைவாயிலும் அப்படியே. மரக்குச்சியால் சுரண்டி, சைலன்சரை காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் வண்டி வேறு வண்டி மாதிரி ஓடும். கையுறை கட்டாயம். அலுமினிய பாகம் எதையும் காஸ்டிக்கில் போடாதீர்கள், கரைந்துவிடும்.

அப்படியும் பலம் வரவில்லை என்றால்தான் லேத். சிலிண்டரைக் கொண்டு போய் அளக்கச் சொல்லுங்கள். முதலில் ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கி, அதைக் கையில் கொடுத்து அதன் அளவுக்குப் போர் போடச் சொல்வதுதான் முறை. போர் போட்டுவிட்டுப் பிஸ்டன் தேடினால் அந்த அளவு கிடைக்காது. கிராங்க்கில் பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் கீழ் முனை) ஆடுகிறதா என்று அப்போதே பார்த்து, ஆயில் சீல்களையும் மாற்றிவிடுங்கள். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் சீல் போனால் அது காற்றை இழுத்து, கலவை மெலிந்து, புது பிஸ்டனும் சீஸ் ஆகும் (சூடேறி சிலிண்டரில் இறுகிக்கொள்ளும்). ஆயில், சாதாரணமாக லிட்டருக்கு 20 மில்லி. ரீபோர் செய்த புதிதில் முதல் சில நூறு கிலோமீட்டர் 40 மில்லி.

செலவு ஊருக்கு ஊர் மாறும். வண்டி விலை போக, இஞ்சின் வேலை, டயர், கேபிள், பிரேக் ஷூ, வயரிங், சுமாரான பெயின்ட் எல்லாம் சேர்த்து 12 முதல் 18 ஆயிரத்துக்குள் முடிக்கப் பாருங்கள். குரோம் பூச்சு பக்கம் போனால் இந்தக் கணக்கு செல்லாது. நேரம்? பெயின்ட் கடைக்காரர் சொல்லும் தேதியை இரண்டால் பெருக்குங்கள்.

7. கம்பெனியே செய்த டீசல் புல்லட்

என்ஃபீல்டு டாரஸ். 325 சிசி கிரீவ்ஸ் லோம்பார்டினி இஞ்சின், 6.5 குதிரைத்திறன், 3,600 சுற்றுக்கு மேல் போகாது. மணிக்கு 65 கிலோமீட்டர் என்பதே அதன் ஓட்டம், லிட்டருக்கு 70-ஐத் தாண்டும். புகை விதிகள் இறுகியதும் நிறுத்தப்பட்டது. புக்கில் எரிபொருள் 'டீசல்' என்று இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பெட்ரோல் புல்லட் பிரேமில் யாரோ டீசல் இஞ்சினைத் தூக்கி வைத்த வண்டிகள் சந்தையில் கலந்து கிடக்கின்றன. புக்கில் 'பெட்ரோல்' என்றிருந்தால் அதன் விலை பழைய இரும்பு விலைதான், விற்பவர் எதைச் சொன்னாலும் சரி. காகிதம் சுத்தமான வண்டி லட்சத்துக்குக் கீழே அபூர்வம்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் ஏர். டேங்க் காலியாகும்வரை ஓட்டினாலே லைனில் ஏர் ஏறிவிடும். பம்பின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை விட்டு இறுக்குங்கள். அடுத்து நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனை) பக்க நட்டைத் தளர்த்தி, கிக்கரை மிதித்து, டீசல் துப்பியதும் இறுக்குங்கள். நாசிலைக் கழற்றி வெளியே தெளிக்கவிட்டுப் பார்க்கும்போது விரலை எதிரே நீட்டாதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அது ஆஸ்பத்திரி விவகாரம். நாசிலை டிராக்டர் பம்ப் பார்க்கும் கடையில் கொடுத்தால் அழுத்தம் வைத்துத் தருவார்கள்.

மிதிக்கும்போது டீகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுவது) பிடித்து, பிஸ்டனை உச்சிக்குச் சற்றே தாண்டவைத்து, லீவரை விட்டு, ஒரே முழு மிதி. ஷூ போட்டுக்கொண்டு. அரைமிதி மிதித்தால் கிக்கர் திரும்ப அடிக்கும், கணுக்கால் தாங்காது.

8. வீட்டில் செய்யும் டீசல் பைக்

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, புக்கில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. எரிபொருள் மாற்றம் என்றால் அங்கீகாரம் பெற்ற மாற்றுத் தொகுதியை (கிட்) பொருத்தி, அனுமதி வாங்கி, புக்கில் ஏற்ற வேண்டும். பம்ப்செட் இஞ்சினுக்கு அப்படி ஒரு அங்கீகாரம் கிடைக்காது. மீறினால் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் தகராறு செய்யும். ஆகவே இது தோட்டத்துக்குள், காலேஜ் வளாகத்துக்குள், சொந்த நிலத்துக்குள் ஓடும் வண்டி. அதற்கு நடப்புப் புக் உள்ள பிரேமைப் பலி கொடுக்காதீர்கள். பதிவு ரத்தான பிரேம் ஒன்றை ரசீதோடு வாங்குங்கள்.

இஞ்சின் தேர்வு: 1,500 சுற்றில் ஓடும் பழைய கிணற்று இஞ்சின் வேண்டாம், அதன் பிளைவீல் எடையிலேயே பிரேம் வளையும். பவர் வீடரில் (களை எடுக்கும் இயந்திரம்) வரும் 186 வகை, காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் இஞ்சின் பொருத்தம். 400 சிசி அளவு, 50 கிலோவுக்குப் பக்கம், 3,600 சுற்றுவரை போகும். பழைய வீடரிலிருந்து கழற்றியதே போதும்.

சுற்றும் திசையைப் பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவை ஷாஃப்ட் பக்கமிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். பிரேமும் கியர்பாக்ஸும் புல்லட்டுடையது என்றால் அதன் கிளட்ச் இடது பக்கம். ஷாஃப்ட்டை இடது பக்கம் வைத்துச் செயின் போட்டால் வண்டி முன்னால் போகும். வலது பக்கம் திருப்பி வைத்தால் நாலு ரிவர்ஸ் கியர் உள்ள பைக் கிடைக்கும்.

பல் சக்கரக் கணக்கு: இஞ்சின் சுற்று வகுத்தல் மொத்தக் குறைப்பு (பின்சக்கரம் ஒருமுறை சுற்ற இஞ்சின் எத்தனை முறை சுற்றுகிறது என்பது), அதைச் சக்கரச் சுற்றளவால் பெருக்குங்கள். 3,600 சுற்று, மொத்தக் குறைப்பு 6, சுற்றளவு 2 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1,200 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். பத்துக் குதிரைத்திறன்கூட இல்லாத இஞ்சினுக்கு இதுவே எல்லை, இன்னும் வேகமாக வைத்தால் மேல் கியரில் இழுக்காது.

அதிர்வுக்காக இஞ்சினுக்கும் பிரேமுக்கும் இடையில் ரப்பர் வைக்க ஆசைப்படுவார்கள். இஞ்சின் ஆடினால் செயின் அறுந்துவிடும். இஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே தகட்டில் இறுகி உட்கார வேண்டும். ரப்பர் வைப்பதானால் அந்த முழுத் தகட்டுக்கும் பிரேமுக்கும் நடுவில் வையுங்கள். நட்டு எல்லாம் நைலாக் (அதிர்வில் கழலாத, நைலான் வளையம் உள்ள நட்டு). முதல் ஓட்டம் முடிந்ததும் அத்தனையையும் மறுபடி இறுக்குங்கள்.

கடைசியாக, நிறுத்தும் வழி. டீசலுக்குச் சாவி கிடையாது. டீசலை வெட்டினால்தான் நிற்கும். ஆயில் மட்டம் கூடிப்போய் அதையே எரிக்க ஆரம்பித்தாலோ, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் சிக்கிக்கொண்டாலோ, இஞ்சின் தன்பாட்டுக்குச் சீறிக்கொண்டு போகும். முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது ஏர் பில்டரைக் கழற்றி வைத்து, காற்று வாயை முழுதாக மூடும் அளவுக்கு ஒரு மரப்பலகையோடு ஒருவரைப் பக்கத்தில் நிற்க வையுங்கள். துணியால் மூடக் கூடாது, உள்ளே இழுத்துக்கொள்ளும். கையாலும் கூடாது. வண்டி ஸ்டாண்டில், பின்சக்கரம் தரையைத் தொடாமல், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். நிறுத்தும் கேபிளை மூன்று நான்கு முறை இழுத்து, ஒவ்வொரு முறையும் நிற்கிறது என்று உறுதியான பிறகே ஏறி உட்காருங்கள்.